நான்கு இருக்கை, மூன்று ஆள்

சொந்தமாக விமானம் வாங்கி ஓட்ட நினைப்பவர்கள் வேகத்தையும் விலையையும் ஒப்பிடுகிறார்கள். ஒப்பிட வேண்டியவை எடை, எரிபொருள், பிறகு தங்கள் கைப்பழக்கம்.

விமானம் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் கேட்பது வேகம். அடுத்தது விலை. மூன்றாவது, எத்தனை பேர் உட்காரலாம் என்பது. மூன்று கேள்விக்கும் விற்பனைப் புத்தகத்தில் பதில் இருக்கிறது. பதில்கள் பொய்யல்ல. ஆனால் அவை எல்லாம் ஒரே பயணத்தில் ஒன்றாக உண்மையாவதில்லை. நான்கு பேரை ஏற்றினால் டேங்கை நிரப்ப முடியாது. டேங்கை நிரப்பினால் ஒருவரைக் கீழே விட்டுவிட்டுப் போக வேண்டும். வெயில் ஏறிவிட்டால் இன்னொருவரையும்.

சொந்த விமானம் என்றதும் இந்தியாவில் நினைவுக்கு வருவது தொழிலதிபர்களின் ஜெட். அதற்குச் சம்பள விமானிகள் உண்டு, முதலாளி பின்னால் உட்கார்ந்திருப்பார். இங்கே பேச்சு அதைப் பற்றியல்ல. ஒற்றை எஞ்சின், மூக்கில் ஒரு புரொபெல்லர், உரிமையாளரே விமானி என்ற ரகத்தைப் பற்றியது. 1929இல் ஜே.ஆர்.டி. டாடா இந்தியாவின் முதல் விமானி உரிமத்தைப் பெற்ற காலத்திலிருந்தே இந்த ஆசைக்கு நாட்டில் ஆட்கள் உண்டு. 17 வயது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, மருத்துவத் தகுதி, எழுத்துத் தேர்வுகள், குறைந்தது 40 மணி நேரப் பறத்தல் - இவை இருந்தால் தனியார் விமானி உரிமம் கிடைக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது: எதை வாங்குவது?

கடையில் நிற்பவர்கள்

பரிசீலனைக்கு வரும் விமானங்கள் நான்கு வகை. முதலாவது செஸ்னா 172. 1956இல் விற்பனைக்கு வந்தது. இதுவரை 44,000க்கும் மேல் தயாரிக்கப்பட்டிருக்கிறது. உலகில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. 1987இல் மத்தியாஸ் ருஸ்ட் என்ற ஜெர்மன் இளைஞர் சோவியத் வான்படையின் கண்ணில் மண்ணைத் தூவி மாஸ்கோ செஞ்சதுக்கத்தின் அருகே இறங்கியது இதில்தான். இறக்கை தலைக்கு மேலே, 180 குதிரைசக்தி, மணிக்குச் சுமார் 225 கி.மீ. வேகம். இதன் நெடுநாள் போட்டியாளர் பைப்பர் ஆர்ச்சர். அதே சக்தி, சற்றே கூடுதல் வேகம், இறக்கை கீழே. ஆனால் ஏறி இறங்க வலப்பக்கம் ஒரே ஒரு கதவுதான். செஸ்னாவில் இரண்டு டேங்குகளிலிருந்தும் சேர்த்து எரிபொருள் எடுக்க முடியும். பைப்பரில் இடம், வலம் என்று விமானிதான் நினைவு வைத்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது, ஆஸ்திரியாவில் பிறந்த டயமண்ட் டி.ஏ.40 என்.ஜி. கண்ணாடி இழையிலும் கார்பன் இழையிலும் செய்த நீண்ட, மெல்லிய இறக்கை. எஞ்சின் டீசல் ரகம். மெர்சிடிஸ் காரின் டீசல் எஞ்சினை மூலமாக வைத்து உருவானது, 168 குதிரைசக்தி. ரேபரேலிக்கு அருகே ஃபுர்சத்கஞ்சில் உள்ள அரசு விமானப் பயிற்சி அகாடமி டி.ஏ.40 விமானங்களை வைத்துப் பயிற்சி தருவதால் இந்தியாவுக்கு இது புதுமுகமல்ல.

மூன்றாவது, அமெரிக்காவின் சிரஸ் எஸ்.ஆர்.22. 310 குதிரைசக்தி, மணிக்கு 330 கி.மீ.யைத் தாண்டும் வேகம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆபத்தில் விமானத்தையே ஆட்களோடு தரையிறக்கும் பாராசூட். இதைக் காட்டித்தான் விற்கிறார்கள், அதில் தவறும் இல்லை.

நான்காவது, இரண்டு இருக்கை ரகம். இத்தாலியின் டெக்னாம் பி2008, பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகத்தின் ஹன்ஸா போன்றவை. ஹன்ஸா 1993இல் முதலில் பறந்தது. அதன் புதிய தலைமுறை விமானம் 2021 செப்டம்பரில் பறந்தது. இந்த ரகங்களில் ஆஸ்திரிய ரோட்டாக்ஸ் எஞ்சின், சுமார் 100 குதிரைசக்தி. மணிக்கு 20 லிட்டருக்குள் செலவை முடித்துக்கொள்ளும்.

எடைக் கணக்கு

விமானம் தாங்கக்கூடிய மொத்த எடையில் வெற்று விமானத்தின் எடையைக் கழித்தால் மிஞ்சுவதுதான் ஆள், பெட்டி, எரிபொருள் எல்லாவற்றுக்குமான பங்கு. புதிய செஸ்னா 172இல் இது சுமார் 400 கிலோ. தலைக்கு 75 கிலோ என்று நான்கு பேர், பெட்டிகள் 40 கிலோ. மொத்தம் 340 போய்விட்டது. மிஞ்சிய 60 கிலோவுக்கு 83 லிட்டர் விமான பெட்ரோல் ஊற்றலாம். மணிக்கு 36 லிட்டர் என்று வைத்தால் 2 மணி 18 நிமிடம் ஓடும். அதில் 45 நிமிடத்தைத் தொடாமல் வைத்திருப்பதுதான் புத்திசாலித்தனம். ஆக, உண்மையில் போகக்கூடிய தூரம் சுமார் 350 கி.மீ. பெங்களூரிலிருந்து சென்னை சரி. கோவா கிடையாது.

டேங்கை முழுக்க நிரப்பினால்? 200 லிட்டர், 144 கிலோ. அப்போது மூன்று பேரும் ஒரு நடுத்தரப் பெட்டியும்தான். டயமண்டும் ஏறக்குறைய இதே கணக்குதான். அது குறைவாகக் குடிப்பதால் அதே எரிபொருளில் கூடுதல் தூரம் போகும், அவ்வளவே. சிரஸில் இந்தப் பங்கு 550 முதல் 600 கிலோ. ஆனால் அதன் டேங்கை நிரப்பவே 250 கிலோ ஆகிவிடும். நான்கு பேர் ஏறலாம், பெட்டிகளைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கும். வாங்கியபின் குளிர்சாதனம், கூடுதல் திரை என்று சேர்க்கும் ஒவ்வொரு அலங்காரமும் இந்தப் பங்கிலிருந்துதான் கழியும்.

'வருடத்தில் எத்தனை முறை நான்கு பேர் போவோம்?' என்று வீட்டில் உட்கார்ந்து எண்ணிப் பார்ப்பது இதனால்தான் முக்கியம். பெரும்பாலான உரிமையாளர்களின் பறத்தல் பதிவேட்டைப் புரட்டினால் தனியாகப் போனதும் இன்னொருவரோடு போனதும்தான் அதிகம் இருக்கும். அந்த ஓரிரு குடும்பப் பயணத்துக்கு விமான டிக்கெட் எடுத்துவிடலாம்.

வெயில் வசூலிக்கும் வரி

விற்பனைப் புத்தகத்து எண்கள் கடல் மட்டத்தில், 15 டிகிரி குளுமையில் எடுக்கப்பட்டவை. இந்தியாவில் அந்த நாள் எப்போது வரும்? பெங்களூரின் ஜக்கூர் விமானத்தளம் சுமார் 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் 9 டிகிரி. ஏப்ரல் மதியம் 35 டிகிரி என்றால் 26 டிகிரி அதிகம். ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 120 அடி கூட்ட வேண்டும் என்பது விமானிகளின் வாய்ப்பாடு. ஆக, தரையில் நிற்கும்போதே விமானத்தைப் பொறுத்தவரை அது 6,000 அடிக்கு மேல் இருக்கிறது. காற்று அவ்வளவு மெலிந்துவிட்டது.

சாதாரண எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் ஏறத்தாழ 3 சதவீத சக்தியை இழக்கும். செஸ்னாவின் 180 குதிரைகளில் 30க்கு மேல் லாயத்திலேயே நின்றுவிடுகின்றன. இறக்கையும் புரொபெல்லரும் அதே மெலிந்த காற்றைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடுபாதையில் ஓடும் தூரம் நீள்கிறது, ஏறும் வேகம் சுருங்குகிறது. நிறைமாத எடையோடு, குறுகிய ஓடுபாதையில், எதிரே கட்டடங்கள் வைத்துக்கொண்டு இதைப் பரீட்சித்துப் பார்ப்பது கூடாது. அனுபவசாலிகள் இந்த நேரத்தில் இரண்டு பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அல்லது காலை 7 மணிக்கே கிளம்பிவிடுகிறார்கள். டயமண்டின் டீசல் எஞ்சினில் டர்போ இருப்பதால் இந்த உயரத்தில் அதன் சக்தி பெரிதாகக் குறைவதில்லை. விற்பனைப் புத்தகத்தில் செஸ்னாவைவிட 12 குதிரை குறைவாகத் தெரியும் எஞ்சின், தக்காண பீடபூமியின் கோடையில் அதை முந்துகிறது.

எந்த எண்ணெய்?

இந்தியாவில் விமானம் வாங்குகிறவருக்கு வெளிநாட்டுப் பத்திரிகைகள் சொல்லித்தராத பாடம் இது. செஸ்னாவும் சிரஸும் குடிப்பது ஈயம் கலந்த 100 ஆக்டேன் விமான பெட்ரோல். பல காலம் இது முழுக்க இறக்குமதிதான். 2022இல்தான் இந்தியன் ஆயில் வடோதரா ஆலையில் தயாரித்து விற்கத் தொடங்கியது. இருந்தும் எல்லா விமான நிலையங்களிலும் கிடைப்பதில்லை. பயிற்சிப் பள்ளிகள் உள்ள இடங்களைச் சுற்றித்தான் கிடைக்கும். போகும் ஊரில் கிடைக்காது என்றால் திரும்பி வருவதற்கும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும். மேலே சொன்ன எடைக் கணக்கில் அதற்கு எங்கே இடம்?

ஜெட் எரிபொருளுக்கு இந்தக் கவலை இல்லை. பயணிகள் விமானம் இறங்கும் எல்லா முக்கிய நிலையங்களிலும் உண்டு, விலையும் குறைவு. டயமண்டின் டீசல் அதைத்தான் குடிக்கிறது.

ரோட்டாக்ஸ் எஞ்சின் சாதாரண கார் பெட்ரோலிலும் ஓடும் என்பது இரண்டு இருக்கை விமானங்களின் பெரிய கவர்ச்சியாக இருந்தது. அதற்கும் இப்போது ஒரு முட்டுக்கட்டை. அந்த எஞ்சின் ஏற்றுக்கொள்வது 10 சதவீத எத்தனால் வரைதான். இந்தியா 2025இல் 20 சதவீதக் கலப்பை எட்டிவிட்டது. பங்க் பெட்ரோலை கேனில் பிடித்து ஊற்றிப் பறப்பது இனி சிக்கனமல்ல, விபரீதம். ஆகவே அவற்றுக்கும் விமான பெட்ரோல்தான். நல்லவேளையாக, குடிப்பது கொஞ்சம்.

டீசல்தான் விடை என்று முடிவுகட்டும் முன் ஒரு பழைய கதை. டயமண்டின் முந்தைய டீசல் விமானங்களுக்கு ஜெர்மனியின் தீலர்ட் நிறுவனம் எஞ்சின் தந்தது. 2008இல் அந்த நிறுவனம் திவாலானது. உலகெங்கும் உரிமையாளர்கள் உதிரிபாகத்துக்கும் உத்தரவாதத்துக்கும் அல்லாடினார்கள். டயமண்ட் தனக்கென்று வேறு எஞ்சின் செய்துகொண்டது அதன் பிறகு முழுமூச்சாக நடந்தது. புதிய எஞ்சினுக்கு நல்ல பெயர். ஆனாலும் வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்வி, இதைப் பிரிக்கத் தெரிந்த, உரிமம் பெற்ற எஞ்சினியர் தன் ஊரிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்பது. இந்தியாவின் ஃபிளையிங் கிளப்களில் தலைமுறைகளாகச் செஸ்னா ஓடுவதால் அதற்குக் கைவைக்க ஆள் கிடைப்பது எளிது.

வேகத்தின் விலை

விலையை எடுத்துக்கொண்டால், புது செஸ்னா 172 நான்கு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. ஏறத்தாழ மூன்றரைக் கோடி ரூபாய். சிரஸ் எஸ்.ஆர்.22 அதைப்போல் இரண்டு மடங்கு. இதோடு வரி. 2025 செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜி.எஸ்.டி. 40 சதவீதம். பிற உபயோகத்துக்கான விமானத்துக்கு 5 சதவீதம்தான். பழைய விமானத்தை வெளிநாட்டில் மலிவாகப் பிடித்துவிடலாம். இறக்குமதிக்கு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் சம்மதத்தை வாங்காமல் முன்பணம் கொடுப்பது மட்டும் கூடாது.

வேகத்துக்கு ரூபாயில் சொல்ல முடியாத விலையும் உண்டு. செஸ்னா பறக்கும் நிலையை இழப்பது மணிக்குச் சுமார் 90 கி.மீ.யில். சிரஸ் 110 கி.மீ.யில். வித்தியாசம் சிறிதாகத் தோன்றும். ஆனால் எடையும் சேர்ந்துகொள்வதால், தரையைத் தொடும்போது சிரஸின் உடம்பில் இருக்கும் விசை செஸ்னாவைப்போல் இரு மடங்குக்கு மேல். தவறு செய்தால் அத்தனையும் எங்காவது போய் மோதித்தான் தீர வேண்டும்.

அமெரிக்காவில் 1947 முதல் 1982 வரை வந்த 'வி' வால் பொனான்ஸாவுக்கு 'டாக்டர் கொல்லி' என்று பட்டப்பெயர். அதன் வாலின் கட்டமைப்பிலும் பலவீனம் இருந்தது, பிறகு வலுப்படுத்த உத்தரவு வந்தது. ஆனால் பெயர் வந்த காரணம் வேறு. வேகமான விமானத்தை வாங்கும் அளவுக்கு வருமானமும், அதைப் பழகும் அளவுக்கு நேரமும் ஒரே ஆளிடம் சேர்ந்திருப்பது அபூர்வம்.

ஜான் எஃப். கென்னடியின் மகன் ஜூனியர் கென்னடியின் கதி தெரிந்ததுதான். 1999 ஜூலை 16 இரவு, மனைவி, மனைவியின் சகோதரி இருவரையும் ஏற்றிக்கொண்டு, அந்த ஆண்டு வாங்கிய பைப்பர் சரடோகாவில் கிளம்பினார். அதற்கு முன் செஸ்னா 182 வைத்திருந்தவர். சரடோகா அதைவிட வேகம், அதைவிடச் சிக்கல். மொத்த அனுபவம் சுமார் 310 மணி. அந்த விமானத்தில் சுமார் 36 மணி. பயிற்சியாளர் பக்கத்தில் இல்லாமல் அதை ஓட்டியது 3 மணி நேரம் போல. மங்கலான இரவில், கடலுக்கு மேல், அடிவானம் தெரியாமல் திசை மயங்கி விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்று விசாரணை முடிந்தது. விமானத்தில் பழுது இருந்ததாகத் தெரியவில்லை.

பாராசூட் காப்பாற்றாதா? காப்பாற்றியிருக்கிறது. 2002இல் டெக்ஸஸில் முதல் சிரஸ் விமானி அதனால் பிழைத்தார். இதுவரை 250 பேருக்கு மேல் உயிர் தப்பியிருக்கிறார்கள். ஆனாலும் ஆரம்ப ஆண்டுகளில் சிரஸின் மரண விபத்து விகிதம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பலர் கைப்பிடியை இழுக்கவே இல்லை, சமாளித்துவிடலாம் என்று கடைசிவரை போராடினார்கள். தயங்காமல் இழுக்க வேண்டும் என்பதை மையமாக வைத்துப் பயிற்சியை மாற்றிய பிறகே எண்ணிக்கை இறங்கியது. பாராசூட்டுக்குப் பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிப்புச் செலவும் உண்டு, அது லட்சக்கணக்கில்.

நிறுத்தி வைத்தால்

இன்னொரு கணக்கு, வருடத்துக்கு எத்தனை மணி. ஹேங்கர் வாடகை, காப்பீடு, எஞ்சினியர் சம்பளம், ஆண்டுத் தகுதி ஆய்வு - விமானம் பறந்தாலும் பறக்காவிட்டாலும் இவை நிற்காது. செஸ்னாவில் உள்ள லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரம் அல்லது 12 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது முழுக்கப் பிரித்துச் செப்பனிட வேண்டும் என்பது தயாரிப்பாளரின் அறிவுரை. வருடத்துக்கு 30 மணி ஓட்டுகிறவர் 360 மணியிலேயே அந்த வாசலில் வந்து நிற்பார். ஓடாத எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும். சென்னை, மும்பை, கொச்சி போன்ற கடலோர ஈரத்தில் சீக்கிரமே.

ஓட்டவும் நினைத்தபோதெல்லாம் முடியாது. பறத்தல் திட்டம் கொடுத்து, வான் பாதுகாப்பு அனுமதி எண் வாங்கிய பிறகே கிளம்பலாம். கருவிகளைக் கொண்டு பறக்கும் தகுதி இல்லாத விமானி, பொது விதிப்படி, சூரியன் மறைவதற்குள் இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் மேகம் தாழ்ந்துவிட்டால் அந்தப் பகலும் இல்லை. சென்னையிலிருந்து பெங்களூருக்கு வந்தே பாரத் ரயில் நாலரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்விடுகிறது. செஸ்னா அந்தரத்தில் இருப்பது ஒன்றேகால் மணிதான். ஆனால் அனுமதி, சோதனை, எரிபொருள், கட்டிவைப்பது, ஊருக்குள் வருவது எல்லாம் சேர்த்தால் மிச்சமாகும் நேரம் அதிகமில்லை. ரயிலும் பயணிகள் விமானமும் சரியாகப் போகாத ஊர்களுக்குத்தான் சிறிய விமானம் உண்மையில் உதவுகிறது.

யாருக்கு எது?

ஞாயிறு காலை ஒரு மணி நேரம் ஊருக்கு மேல் சுற்றிவிட்டு வர நினைப்பவருக்கு இரண்டு இருக்கை போதும். அதிகமாக வாங்குவது வீண். பல ஊர்களுக்குத் தொழில் நிமித்தம் போகிறவர், மேட்டு நிலத்திலிருந்து கிளம்புகிறவர் என்றால் டயமண்ட். எஞ்சினியர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும். பழுதுபார்ப்பு எளிதாக இருக்க வேண்டும், மகனோ மகளோ இதிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்பவருக்கு செஸ்னா. 500 கி.மீ.க்கு மேல் அடிக்கடி போகிறவர், கருவிப் பறத்தல் தகுதி பெற்றவர், வருடத்துக்கு 100 மணியாவது ஓட்டுகிறவர் - இந்த மூன்றும் ஒருவரே என்றால் சிரஸ். மூன்றில் ஒன்று குறைந்தாலும் தள்ளிப்போடுவது நல்லது.

எந்த ரகத்தில் சேர்த்தி என்று தெரியாதவர் முதலில் ஒரு ஃபிளையிங் கிளப்பில் சேர்ந்து ஒரு வருடம் மணிக்கணக்கில் பணம் கட்டி ஓட்டலாம். அந்த வருட முடிவில் பதிவேட்டில் 20 மணிதான் இருக்கிறது என்றால் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. 80, 100 என்று ஏறியிருந்தால் எத்தனை பேரோடு, எத்தனை தூரம், எந்த நேரத்தில் போனார் என்பதும் அதிலேயே எழுதியிருக்கும். விற்பனையாளரைச் சந்திக்கப் போகும்போது எடுத்துப்போக வேண்டிய காகிதம் அதுதான்.